‘ஆய்வில் அதிர்ச்சி’ என்று செய்தி வந்தால்... நம்புவதற்கு முன் என்ன கேட்க வேண்டும்? திருவள்ளூர் சொல்லித்தரும் பாடம்

வாட்ஸ்அப்பில் இரண்டு ஃபார்வர்டு வருவதாக வைத்துக்கொள்வோம்.

முதலாவது: ‘கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி வசிப்பவர்களுக்கு நுரையீரல் பாதிப்பு இரு மடங்கு... ஆய்வில் அதிர்ச்சி!’

இரண்டாவது: ‘ஆலைத் தொழிலாளர்கள் பொதுமக்களைவிட ஆரோக்கியமாக இருக்கிறார்கள்... ஆய்வில் தகவல்!’

இரண்டும் கற்பனைதான். ஆனால் இதே தொனியில் செய்திகள் வாரம் ஒன்று போனைத் தட்டுகின்றன. முதல் செய்தியைப் பார்த்து அந்தப் பகுதியில் வீட்டு மனை பார்த்துக்கொண்டிருந்தவர் பின்வாங்குவார். இரண்டாவதைப் பார்த்து ஆலை நிர்வாகம் நிம்மதியாகும். இதில் எது உண்மை? ரெண்டுமே ஒரே நேரத்தில் ‘ஆய்வில் தெரியவந்தது’ ஆக முடியுமா?

முடியும். இரண்டு ஆய்வுகளிலும் ஒருவர்கூடப் பொய் சொல்லாமலேயே முடியும். யாரை எண்ணினார்கள், யாரை விட்டுவிட்டார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள் என்ற விவரம் சொல்லப்படாவிட்டால் போதும்.

அந்த விவரங்களைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதற்கு ஒரு சர்வதேச வழிகாட்டுதல் இருக்கிறது. பெயர் ‘ஸ்ட்ரோப்’. மருத்துவ இதழ்களுக்கு வெளியே இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் ஆலைகளுக்கு நடுவே வாழும் ஒரு மாவட்டத்துக்கு இது வெறும் கல்விச் சமாச்சாரம் இல்லை.

அவதானிப்பு ஆய்வு என்றால் என்ன?

இதற்கு விடை தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. திருவள்ளூரிலேயே இருக்கிறது.

1968-இல், அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த திருவள்ளூர் வட்டாரத்தில், காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசியைச் சோதிக்கும் பிரமாண்டமான ஆய்வு ஒன்று தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்), உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை மூன்றும் கைகோத்த ஆய்வு இது. 2.5 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு ஊசி போடப்பட்டது. யாருக்கு உண்மையான பிசிஜி, யாருக்கு மருந்தில்லாத ஊசி என்பதைக் குலுக்கல் முறை முடிவு செய்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்ற முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. 15 ஆண்டு தொடர் கண்காணிப்பின் முடிவுகள் 1999-இல் வெளியாயின.

இது பரிசோதனை ஆய்வு. யாருக்கு எது என்பதை ஆய்வாளர் தீர்மானிக்கிறார்.

ஆனால் பீடிக்கு அப்படிச் செய்ய முடியுமா? ‘நீங்க நாளையிலிருந்து தினம் ஒரு கட்டு பீடி குடிங்க, நீங்க குடிக்காதீங்க, இருபது வருஷம் கழிச்சு வர்றோம்’ என்று குலுக்கல் போட முடியாது. ஆலைப் புகைக்கும் அதே கதைதான். ‘இந்த 500 குடும்பம் சிப்காட் பக்கத்தில், அந்த 500 குடும்பம் தள்ளி’ என்று யாரையும் குடியமர்த்த முடியாது. ஏற்கெனவே மக்கள் எப்படி வாழ்கிறார்களோ, அதைப் பார்த்து, எண்ணி, ஒப்பிடத்தான் முடியும். அதுதான் அவதானிப்பு ஆய்வு.

இதில் மூன்று முக்கிய வகைகள். ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்துப் பல ஆண்டுகள் பின்தொடர்வது ‘கோஹார்ட்’. நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் எடுத்து, அவர்களது கடந்த காலத்தை ஒப்பிடுவது ‘கேஸ் கன்ட்ரோல்’. ஒரு குறிப்பிட்ட காலத்தில் ஊர் நிலவரத்தை ஒரு போட்டோ மாதிரி எடுப்பது ‘குறுக்குவெட்டு ஆய்வு’.

சிகரெட் முதல் காற்று மாசு வரை நமக்குத் தெரிந்த பல ஆபத்துகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவை இவ்வகை ஆய்வுகள்தான். அதே நேரம், எளிதாகத் தவறாகப் படிக்கப்படுபவையும் இவைதான்.

22 கேள்விகள்

2004 செப்டம்பரில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நோய்ப்பரவலியல் வல்லுநர்களும் புள்ளியியலாளர்களும் மருத்துவ இதழ்களின் ஆசிரியர்களும் கூடினார்கள். அவதானிப்பு ஆய்வுக் கட்டுரைகளில் அடிப்படை விவரங்களே விடுபட்டுப் போகின்றன என்பதுதான் அவர்களது கவலை. எரிக் வான் எல்ம், டக்ளஸ் ஆல்ட்மன், மத்தியாஸ் எக்கர் உள்ளிட்டோர் எழுதிய இறுதி வடிவம் 2007-இல் பிஎம்ஜே, லான்செட், பிளாஸ் மெடிசின் உள்ளிட்ட பல இதழ்களில் வெளியானது.

மொத்தம் 22 அம்சங்கள். அதில் 18 அம்சங்கள் மூன்று வகை ஆய்வுகளுக்கும் பொது. மீதி நான்கு, ஆய்வின் வகைக்கு ஏற்ப மாறும். தலைப்பில் ஆய்வின் வகையைச் சொல்வதில் தொடங்கி, பணம் யார் கொடுத்தது என்பதில் முடிகிறது பட்டியல்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்ட்ரோப் என்பது ஐஎஸ்ஐ முத்திரை இல்லை. இந்த ஆய்வு நல்ல ஆய்வு என்று அது சான்றிதழ் தராது. பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம் அச்சடிக்கும் பட்டியல் மாதிரி அது. பட்டியல் இருப்பதால் பிஸ்கட் சத்தானதாகிவிடாது. ஆனால் உள்ளே சர்க்கரை எவ்வளவு, மைதா எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, வாங்கலாமா வேண்டாமா என்று நாமே முடிவு செய்யலாம். பட்டியலே இல்லாத பாக்கெட்டில் கடைக்காரர் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

‘2.24’ என்ற எண் சொல்வதும் சொல்லாததும்

திருவள்ளூர் மாவட்டத்தின் இரண்டு ஊராட்சி ஒன்றியங்களில் நடந்த ஓர் ஆய்வு 2002-இல் ‘தோராக்ஸ்’ இதழில் வெளியானது. நடத்தியது சென்னை சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையம், அதாவது இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். கேள்வி எளிமையானது: புகைபிடிப்பதற்கும் காசநோய்க்கும் தொடர்பு உண்டா?

காசநோய் உள்ள 85 ஆண்கள், அதே வயதில் நோய் இல்லாத 459 ஆண்கள். வயது 20 முதல் 50 வரை. கணக்கிட்டு வந்த எண் 2.24. அதன் இருபுற எல்லை 1.27 முதல் 3.94 வரை.

இதை ஒரு டிஜிட்டல் டெஸ்க்கில் கொடுத்தால் தலைப்பு தயார்: ‘புகைபிடித்தால் காசநோய் ஆபத்து இரு மடங்கு!’

தப்பா? முழுக்கத் தப்பு இல்லை. ஆனால் கட்டுரை சொல்லும் விவரங்களை வைத்து நிதானமாகப் படித்தால் வேறு சில விஷயங்கள் தெரியும்.

ஒன்று, ஆய்வில் பெண்கள் இல்லை. ஆகவே பெண்களைப் பற்றி இது எதுவும் சொல்லவில்லை. 

இரண்டு, 2.24 என்பது ஒற்றைப் புள்ளி இல்லை. 1.27-லிருந்து 3.94 வரை எங்கு வேண்டுமானாலும் உண்மை இருக்கலாம். அந்த வீச்சு முழுவதும் 1-க்கு மேலே இருப்பதால், தொடர்பு தற்செயல் என்று தள்ளிவிடுவது கடினம். ஆனால் ‘சரியாக இரு மடங்கு’ என்று அடித்துச் சொல்லவும் முடியாது. 

மூன்று, இது கேஸ் கன்ட்ரோல் ஆய்வு. நூறு பேர் புகைபிடித்தால் எத்தனை பேருக்கு நோய் வரும் என்பதை இந்த வகை ஆய்விலிருந்து நேரடியாக எடுக்க முடியாது.

அதே கட்டுரையில் தலைப்பைவிட முக்கியமான இன்னொரு விவரமும் இருக்கிறது. ஒருவர் தினமும் எத்தனை பிடிக்கிறாரோ, அதற்கேற்ப தொடர்பும் வலுவாகிக்கொண்டே போனது. 2003-இல் லான்செட் இதழில், சென்னையிலும் விழுப்புரம் கிராமங்களிலும் இறந்த சுமார் 43,000 ஆண்களையும் உயிருடன் இருந்த 35,000 ஆண்களையும் ஒப்பிட்ட ஆய்வு வெளியானது. அதுவும் புகைக்கும் காசநோய் மரணத்துக்கும் வலுவான தொடர்பைக் காட்டியது. வேறு ஊர், வேறு குழு, ஒரே திசை. ஓர் அவதானிப்பு ஆய்வு நம்பிக்கை பெறுவது இப்படித்தான். ஒரே நாளில், ஒரே தலைப்பில் இல்லை.

யார், எத்தனை பேர், எந்த வயது, எப்படி அளந்தோம் என்ற விவரங்களை அந்தக் கட்டுரை மறைத்திருந்தால் மேலே சொன்ன எதையும் வாசகர் யோசித்திருக்கவே முடியாது.

607, 454, 309... பிறகு?

அதே திருவள்ளூர் பகுதியில் நடந்த இன்னொரு ஆய்வுத் தொடர் இன்னும் சுவாரசியமானது. 1999-இல் இங்கே டாட்ஸ் எனப்படும் நேரடிக் கண்காணிப்பு காசநோய் சிகிச்சைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதோடு சேர்த்து வீடு வீடாகக் கணக்கெடுப்பும் நடந்தது.

1999-2001 கணக்கெடுப்பில், சளிப் பரிசோதனையில் கிருமி வளர்ச்சி உறுதியான காசநோயாளிகள் ஒரு லட்சம் பேருக்கு 607. 2001-2003-இல் 454. 2004-2006-இல் 309. ஐந்தாறு வருஷத்தில் கிட்டத்தட்ட பாதி!

இங்கேயே நிறுத்தினால் ‘டாட்ஸ் வெற்றி’ என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் 2006-2008-இல் நான்காவது கணக்கெடுப்பும் நடந்தது. எண் 388 ஆக ஏறியிருந்தது.

அப்போ திட்டம் தோல்வியா? அப்படியும் சொல்ல முடியாது. இவை ஒரே பகுதியில் வெவ்வேறு காலங்களில் எடுத்த நான்கு போட்டோக்கள். டாட்ஸ் இல்லாத இன்னொரு பகுதியை அதே முறையில் அளந்து பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அந்த ஆண்டுகளில் வருமானம், சாப்பாடு, வேலை, இடப்பெயர்வு எல்லாமே மாறியிருக்கலாம். ஆகவே ‘திட்டம் நடந்த காலத்தில் நோய் குறைந்தது’ என்பது தகவல். ‘திட்டத்தால்தான் குறைந்தது’ என்பது அனுமானம். அது நல்ல அனுமானமாகவே இருக்கலாம். ஆனாலும் அனுமானம்தான்.

ஆய்வாளர்கள் எந்த வயதினரைச் சோதித்தார்கள், எப்படிச் சோதித்தார்கள் என்பதை எழுதி வைத்ததால்தான் முதல் எண்ணையும் நான்காவது எண்ணையும் இன்று பக்கத்தில் வைத்துப் பேச முடிகிறது. ஏறிய எண்ணையும் வெளியிட்டார்களே, அதற்கும் ஒரு பாராட்டு.

95% என்ற எண்ணுக்குப் பின்னால்

இன்னும் பக்கத்துக் காலத்துக்கு வருவோம். அம்பத்தூர் அருகே அயப்பாக்கத்தில் ஐசிஎம்ஆரின் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இருக்கிறது. 2021-இல் கோவிட் இரண்டாம் அலையின்போது தமிழ்நாடு காவல்துறையினர் 1,17,524 பேரின் விவரங்களை இந்த நிறுவனத்தினர் ஆராய்ந்தனர். தடுப்பூசி போடாத 17,059 பேரில் 20 பேர் கோவிட்டால் இறந்திருந்தனர். ஒரு டோஸ் போட்ட 32,792 பேரில் 7 பேர். இரண்டு டோஸ் போட்ட 67,673 பேரில் 4 பேர். இரண்டு டோஸ் மரணத்தைத் தடுப்பதில் 95% பலன் தந்தது என்பது முடிவு.

‘95%’ தலைப்பானது. பரவலாகப் பகிரப்பட்டது. தடுப்பூசி போட மக்கள் தயங்கிய நேரத்தில் அது நல்லதும் செய்தது.

ஆனால் ஊசி போட்டவர்களும் போடாதவர்களும் ஒரே வயதினரா, ஒரே உடல்நிலை உள்ளவர்களா? நாள்பட்ட நோய் இருப்பதால் ஊசிக்குப் பயந்தவர்கள் போடாதோர் பட்டியலில் அதிகம் இருந்தால் எண் மாறும். அந்தத் தரவில் வயது, இணை நோய்கள் போன்ற விவரங்கள் கணக்கில் எடுக்கப்படவில்லை. இந்த வரம்பை ஆய்வுக் கட்டுரையே ஒப்புக்கொண்டது. செய்தித் தலைப்புகளில்தான் அது காணாமல் போனது.

இதனால் தடுப்பூசி பயனற்றது என்றாகிவிடாது. மற்ற பல ஆய்வுகளும் அதே திசையைத்தான் காட்டின. ஆனால் வரம்பைச் சொல்லும் ஒரு வரியை வெட்டுவது ஆய்வாளரின் வேலை இல்லை. அது செய்தி அறையில் நடக்கிற வேலை. அதற்குச் செய்தி அறைதான் பொறுப்பேற்க வேண்டும்.

இப்போது கும்மிடிப்பூண்டிக்கு வருவோம்

சென்னையிலிருந்து புறநகர் ரயில் போகும் ஊர். ஆந்திர எல்லை எட்டும் தூரம். சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்கு, வார்ப்பு, ரசாயனம் என்று பல வகை ஆலைகள். உள்ளூர்க்காரர்களோடு பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களும் வேலை பார்க்கிறார்கள்.

காசநோய் விஷயத்தில் ஆய்வாளர்கள் இந்த மாவட்டத்தை அரை நூற்றாண்டாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இனி இங்கே எழப்போகிற கேள்வி கிருமி பற்றியது மட்டும் இல்லை. காற்று, தூசு, உலோகம், நிலத்தடி நீர் பற்றியது. அந்தக் கேள்விகளுக்கு வரும் ஒவ்வொரு ஆய்வும் அவதானிப்பு ஆய்வாகத்தான் இருக்கும். ஆகவே தொடக்கத்தில் பார்த்த இரண்டு ஃபார்வர்டுகளையும் இப்போது பிரித்துப் பார்க்கலாம்.

‘தொழிலாளர்கள் பொதுமக்களைவிட ஆரோக்கியமாக இருக்கிறார்கள்.’ இதற்கு நோய்ப்பரவலியலில் ஒரு பெயரே உண்டு: ‘ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு’. உருக்காலையில் வேலைக்குச் சேர்பவர் பொதுவாக இளைஞர், உடல் தெம்பு உள்ளவர். ஊரில் இருப்பவர்களில் முதியவர்களும் நோயாளிகளும் உண்டு. வேலையில் மூச்சு வாங்க ஆரம்பித்தால் ஒப்பந்தத் தொழிலாளி என்ன செய்வார்? ஊருக்கு டிக்கெட் எடுப்பார். அடுத்த மாதம் மருத்துவ முகாம் நடக்கும்போது அவர் கணக்கிலேயே இருக்க மாட்டார். இருப்பவர்களைச் சோதித்தால் எல்லாரும் நலம்!

ஸ்ட்ரோப் கேட்பது இதைத்தான். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் விடுபட்டார்கள், ஏன்? ‘தொடக்கத்தில் 400 பேர், சோதித்தது 230 பேர், மீதி 170 பேர் வேலையை விட்டுப் போனவர்கள்’ என்று ஓர் அறிக்கை சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒற்றை வரி ‘எல்லாரும் நலம்’ என்ற முடிவையே ஆட்டிவிடும்.

அடுத்து, ‘சிப்காட் அருகே நுரையீரல் பாதிப்பு இரு மடங்கு.’ யாரோடு ஒப்பிட்டு? ஒப்பிட்ட ஊரில் பீடி பழக்கம் எவ்வளவு? விறகடுப்பில் சமைக்கும் வீடுகள் எத்தனை? பாதிப்பை அளந்தது மூச்சுத்திறன் கருவியா, அல்லது ‘உங்களுக்கு இருமல் இருக்கா?’ என்ற கேள்வியா? தினமும் புகை நாற்றத்தில் வாழும் ஒருவர் தன் இருமலை மற்றவரைவிடக் கூடுதலாக நினைவில் வைத்திருப்பார். அது பொய் இல்லை, மனித இயல்பு. ஆனால் அளவீட்டை அது ஒரு பக்கம் சாய்க்கும்.

இந்த விவரங்கள் இல்லாத ஆய்வு பாதிக்கப்பட்டவர்களுக்கும் உதவாது. பசுமைத் தீர்ப்பாயத்திலோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலோ எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வி ‘ஒப்பீட்டுக் குழு யார்?’ என்பதாகத்தான் இருக்கும். அதற்கு அறிக்கையில் பதில் இல்லை என்றால் மக்களின் உண்மையான வலியும் சேர்ந்தே தள்ளுபடியாகும்.

‘இவ்வளவு கேள்வி கேட்டா எந்த ஆய்வுதான் தேறும்?’

நியாயமான சந்தேகம். குறை இல்லாத அவதானிப்பு ஆய்வு கிடையாது. இந்தக் கேள்விகளையே ஆயுதமாக்கி, ‘இன்னும் உறுதியாகவில்லை’ என்று பல ஆண்டுகள் இழுத்தடிக்கலாம். புகையிலை நிறுவனங்கள் அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் அதைத்தான் செய்தன.

அதனால்தான் ஸ்ட்ரோப் ‘குறை இருந்தால் தூக்கிப் போடு’ என்று சொல்வதில்லை. குறையைச் சொல், அது முடிவை எந்தப் பக்கம், எவ்வளவு சாய்த்திருக்கும் என்றும் சொல் என்கிறது. தொழிலாளர் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். நோய்வாய்ப்பட்டவர்கள் விலகிப் போனார்கள் என்றால் உண்மையான பாதிப்பு, ஆய்வு காட்டியதைவிட அதிகமாக இருக்கவே வாய்ப்பு. இங்கே வரம்பு பற்றிய நேர்மை ஆலைக்கு அல்ல, தொழிலாளிக்குத்தான் சாதகம். மேலும், நடவடிக்கை எடுக்க நூறு சதவீத உறுதி தேவையில்லை. எவ்வளவு உறுதி இருக்கிறது என்பது தெரிந்தால் போதும்.

என்ன செய்யலாம்?

கும்மிடிப்பூண்டி, மணலி, எண்ணூர் போன்ற ஆலைப் பகுதிகளில் அரசு நிதியில் நடக்கும் எந்த உடல்நல ஆய்வும் ஸ்ட்ரோப் பட்டியலோடு, முழு அறிக்கையாக, பொதுவெளியில் வர வேண்டும். கூடவே இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம். ரத்தமும் சளியும் கொடுத்தவர்களுக்கு அதைப் படிக்கும் உரிமை உண்டு.

போபால் விபத்துக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டபோது, அபாயகரமான செயல்முறைகள் கொண்ட ஆலைகள் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேடுகளைப் பராமரிப்பது கடமையானது. இப்படி வழக்கமாகச் சேரும் தரவுகளை வைத்து ஆய்வு செய்வோருக்காகவே 2015-இல் ‘ரெக்கார்டு’ என்ற ஸ்ட்ரோப்பின் நீட்சியும் வந்துவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர்களையும், வேலையை விட்டுப் போனவர்களையும் சேர்த்து, பெயர்களை நீக்கி, அந்தப் பதிவேடுகளை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டால் பாதிக் கேள்விகளுக்கு விடை தேட வழி பிறக்கும். அயப்பாக்கத்தில் நிபுணர்களும் இருக்கிறார்கள்.

செய்தி அறைகளுக்கு 22 அம்சம் வேண்டாம், ஐந்து போதும். எந்த வகை ஆய்வு? யார், எத்தனை பேர், எத்தனை பேர் விடுபட்டார்கள்? யாரோடு ஒப்பீடு? ஆய்வாளர்களே சொல்லும் வரம்பு என்ன? பணம் யாருடையது? ஐந்துக்கும் பதில் ஐந்து வரியில் அடங்கும். பதில் கிடைக்கவில்லை என்றால் அதையும் செய்தியில் எழுதலாம். ‘தொடர்பு இருக்கிறது’ என்று ஆய்வு சொன்னால் ‘காரணம்’ என்று தலைப்பு வைக்காமல் இருந்தாலே பெரிய முன்னேற்றம்.

வாசகருக்கு? அடுத்த முறை ‘ஆய்வில் அதிர்ச்சி’ என்று போன் ஒலித்தால், ஃபார்வர்டு பட்டனைத் தட்டும் முன் ஒரே ஒரு கேள்வி: ‘இந்தக் கணக்கில் யார் இல்லை?’

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இருமிக்கொண்டே ஊருக்கு ரயில் ஏறும் தொழிலாளி, அந்தக் கேள்வியைக் கேட்டால்தான் கணக்கில் வருவார்.